இளங்குழந்தைகளின் சுவாசவழிக் கலங்களில் ஒழுங்குற்ற இறப்பு

"காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்" என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. உதிர்வு முதுமைக்கே உரியது, இளமைக்கு அதனோடு தொடர்பில்லை என்று எண்ணுவோரின் பேதைமையை அது சுட்டுகின்றது. உயிரியலார் கடந்த அரை நூற்றாண்டில் கண்ட உண்மையோ அப்பழமொழியினும் ஒரு படி மேலே செல்கின்றது. உடலைப் பொறுத்தவரை உதிர்வு குருத்திலேயே தொடங்கிவிடுகின்றது. கருவிலுள்ள சிசுவின் கை முதலில் துடுப்பைப் போன்ற தட்டையான உறுப்பாகவே தோன்றுகின்றது. விரல்களுக்கு இடைப்பட்ட கலங்கள் உரிய காலத்தில் இறந்தொழிவதனாலேயே ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிகின்றன. அக்கலங்கள் நோயுற்று இறப்பனவல்ல. தம்முள்ளே அமைந்த ஓர் ஒழுங்கின்படி இறப்பன.

இவ்வொழுங்குற்ற இறப்பு, பிறந்து சில மாதங்களேயான குழந்தையின் சுவாசவழியில் எவ்வாறு நிகழ்கின்றது, எப்பொழுது அது காப்பாகவும் எப்பொழுது கேடாகவும் அமைகின்றது, அதனை ஆராய்தல் ஏன் அரிதாயுள்ளது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் நோக்குவாம். நாம் வலியுறுத்த விழையும் கருத்து ஒன்றே. கலம் இறக்கின்றதா என்பது மட்டும் குழந்தையின் நோயைத் தீர்மானிப்பதில்லை. எப்பொழுது, எவ்வாறு இறக்கின்றது, இறந்ததை அகற்றுவது எது என்பனவே நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இதனை அறிய வேண்டுமாயின், வளர்ந்தோரின் கலங்களையும் புற்றுநோய்க் கலங்களையும் மட்டும் நம்பியிராது, குழந்தையின் கலங்களையே நோக்குதல் வேண்டும்.

தமிழ்நாட்டார் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவதனையே ஈழத்துப் பாடநூல் வழக்கைப் பின்பற்றி ஈண்டுக் கலம் என்று குறிப்பிடுகின்றோம்.

1. சொல்லும் வரலாறும்

அவுஸ்திரேலிய நோயியலாளரான ஜோன் கெர் என்பார், எலியின் ஈரலுக்குக் குருதி செல்லும் நாளக்கிளைகளைக் கட்டி, அதனால் விளையும் மாற்றங்களை 1960களின் முற்பகுதியில் ஆராய்ந்தார். குருதி குன்றிய இடத்தில் கலங்கள் திரளாக வீங்கி அழிந்தமை எதிர்பார்க்கப்பட்டதே. ஆயின், அதனைச் சூழ்ந்த பகுதியில், கலங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சிறு துணுக்குகளாகப் பிரிந்து, அயலில் அழற்சி எதனையும் விளைக்காது மறைவதனையும் அவர் கண்டார். இதனை அவர் 1965 இல் வெளியிட்டார். பின்னர் ஸ்கொத்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ வைலி, அலஸ்ரயர் கறி ஆகியோருடன் இணைந்து 1972 இல் எழுதிய கட்டுரையில், இவ்விறப்பு உடலின் இயல்பான தொழிற்பாடுகளுள் ஒன்று என்று நிறுவினார். கலப்பிரிவு கலங்களைப் பெருக்குவது போல இது அவற்றைக் குறைத்துச் சமநிலை பேணுகின்றது என்பது அவர்தம் துணிபு.

இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் அப்பொப்தோசிசு என்பதாகும். அபடீனில் கிரேக்கமொழிப் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் கோமக் அப்பெயரை எடுத்துக் கொடுத்தார். மரத்தினின்று இலையும் மலரினின்று இதழும் உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உவமை பொருத்தமானதே. பழுத்த இலை தானே உதிருமுன், காம்பின் அடியில் ஒரு பிரிபடை தோன்றி, மரத்திற்குப் புண் நேராதவாறு இலையைக் கழற்றுகின்றது. காற்றில் முறியும் கிளையோ பட்டையையும் கிழித்துக்கொண்டு வீழ்கின்றது. இரண்டும் வீழ்ச்சியே எனினும் மரத்திற்கு அவை ஒன்றல்ல. நாமும் இவ்விருவகை இறப்புக்களை முறையே ஒழுங்குற்ற இறப்பு என்றும் சிதைவிறப்பு என்றும் வேறுபடுத்தி வழங்குவோம்.

இவ்வொழுங்கு பரம்பரையலகுகளால் ஆளப்படுகின்றது என்பதனை ஒரு மில்லிமீற்றர் நீளமே உடைய ஒரு வட்டப்புழு வெளிப்படுத்தியது. அப்புழுவின் வளர்ச்சியில் தோன்றும் 1090 உடற்கலங்களுள் 131 கலங்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே இடத்தில், அதே வேளையில் இறக்கின்றன. இதனை ஆராய்ந்த சிட்னி பிரெனர், றொபேட் ஹொர்விற்ஸ், ஜோன் சல்ஸ்ரன் ஆகிய மூவரும் 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசைப் பெற்றனர். புழுவின் இறப்பை நடத்தும் பரம்பரையலகு ஒன்றிற்கு ஒத்தது மனிதரிடத்தும் உண்டு என்பது 1993 இல் தெளிவாயிற்று.

2. இருவகை இறப்பு

ஒழுங்குற்ற இறப்பைச் செயற்படுத்துவன கசுப்பேசுகள் எனப்படும் நொதியங்கள். இவை சாதாரண காலத்தில் தொழிற்படா நிலையில் கலத்தினுள் கிடக்கின்றன. இவற்றை எழுப்பும் வழிகள் பிரதானமாக இரண்டு. கலத்தின் புறத்தேயுள்ள ஏற்பிகளை ஒரு சைகை வந்து தொடுதல் ஒன்று. கலத்தினுள்ளே ஊறு நேர்ந்தவிடத்து, இழைமணியிலிருந்து சைற்றோக்குரோம் சீ என்னும் புரதம் கசிந்து வெளிப்படுதல் மற்றொன்று. இருவழியும் மூன்றாம் கசுப்பேசு முதலியவற்றில் வந்து சேர்கின்றன. அதன்பின் கருவின் டீ. என். ஏ. ஒழுங்கான துண்டுகளாக நறுக்கப்படுகின்றது. கலவுடல் சுருங்கி, மென்சவ்வால் மூடப்பட்ட துணுக்குகளாகப் பிரிகின்றது. கலமென்சவ்வின் உட்புறத்தே இருக்கவேண்டிய பொசுப்பற்றிடில்சிரீன் என்னும் கொழுப்புப் பொருள் வெளிப்புறத்தே திரும்புகின்றது. அயலிலுள்ள தின்குழியங்களுக்கு அதுவே அழைப்பு. அவை வந்து துணுக்குகளை விழுங்கிவிட, நிகழ்ச்சி சில மணி நேரத்துள் முடிவுறுகின்றது.

சிதைவிறப்பில் இவ்வடக்கம் இல்லை. கலம் வீங்கி, மென்சவ்வு கிழிந்து, உள்ளிருந்தவை அயலில் கொட்டுகின்றன. அவற்றை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு வெண்குழியங்கள் திரள்கின்றன, அழற்சி உண்டாகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டனவும் உள. கலம் தன் ஒழுங்கின்படியே மென்சவ்வைத் துளைத்து வெடித்து, வேண்டுமென்றே அழற்சியைத் தூண்டும் இறப்பு வகைகள் பிற்காலத்தில் கண்டறியப்பட்டன. ஆதலின் "திட்டமிட்டது" என்பதும் "அமைதியானது" என்பதும் எப்பொழுதும் ஒருபொருட் சொற்களாகா என்பதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பிறிதொன்றும் கவனிக்கத்தக்கது. ஒழுங்குற்ற முறையில் இறந்த கலம் உரிய நேரத்தில் விழுங்கப்படாவிடின், அதன் துணுக்குகளும் ஈற்றில் கிழிந்து தம்முட்பொருளைக் கொட்டுகின்றன. நன்முறையில் தொடங்கிய இறப்பு, அகற்றுவார் இன்மையால் தீமுறையில் முடிகின்றது. இளங்குழந்தையின் நோயில் இதுவே முக்கியமான இடம் பெறுகின்றது.

3. குழந்தையின் சுவாசவழி

மூக்கிலிருந்து வாதனாளி வழியாகச் சுவாசப்பையின் சிறுகுழாய்கள் வரை காற்றுச் செல்லும் பாதையின் உட்புறத்தை மேலணி என்னும் கலப்படை போர்த்துள்ளது. அதில் பிசிர்களை உடைய கலங்களும், சீதத்தைச் சுரக்கும் கலங்களும், இவற்றின் அடியில் புதுக்கலங்களைத் தோற்றுவிக்கும் அடிக்கலங்களும் உள. சீதம் தூசியையும் நுண்ணுயிர்களையும் பற்றிக்கொள்ள, பிசிர்கள் ஓயாது அசைந்து அச்சீதத்தை மேனோக்கித் தள்ளுகின்றன. ஒரு பிசிர்க்கலம் இறந்தால் காவற்காரன் ஒருவன் வீழ்ந்தது மட்டுமன்று, குப்பையை அகற்றுவோனும் வீழ்ந்தவனாகின்றான்.

வளர்ந்தோருக்கும் குழந்தைக்கும் இவ்வமைப்பு பொதுவே. வேறுபடுவது அளவு. குழாயொன்றில் காற்று ஒழுங்காக ஓடும்பொழுது அதற்குள்ள தடை, குழாயின் ஆரையின் நான்காம் வலுவுக்கு நேர்மாறு விகிதமாகும். எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயின் சுவர் எங்கும் ஒரு மில்லிமீற்றர் தடித்தால், ஆரை நான்கிலிருந்து மூன்றாகக் குறையும். தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். நான்கு மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அதே அளவு தடிப்பு நேரின், ஆரை இரண்டிலிருந்து ஒன்றாகும். தடையோ பதினாறு மடங்காகும். வளர்ந்தவர் இருமித் துப்பிவிட்டு வேலைக்குச் செல்லும் அதே சீதமும் அதே கலக்கழிவும் மூன்று மாதக் குழந்தையின் விலா எலும்புகளை உள்ளிழுத்து மூச்சைத் திணறச் செய்வதன் காரணம் இவ்வெளிய கணிதத்தில் அடங்கியுள்ளது.

4. வைரசும் இறப்பின் காலமும்

சுவாசவழிக் கலம் ஒன்றினுள் வைரசு புகுந்ததும் அக்கலத்தின்முன் உள்ள வழிகளுள் ஒன்று விரைந்து இறத்தல். வைரசு பெருகுதற்குக் கலத்தின் பொறித்தொகுதி வேண்டும். கலம் முந்திக்கொண்டு இறந்தால் வைரசின் அறுவடை குறையும். ஒரு கலத்தின் இறப்பு அயற்கலங்களுக்குக் காப்பாகின்றது. வைரசுகள் பலவும் இதற்கு மாற்று வழிகளைக் கொண்டுள்ளன.

ஆர். எஸ். வி. என வழங்கும் சுவாச வைரசு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வளர்ப்புத் தட்டில் அயற்கலங்களை ஒன்றோடொன்று இணையச் செய்து பெருங்கலங்களாக்கும் இயல்பினால் இது தன் பெயரைப் பெற்றது. 1956 இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் தடிமனுற்ற சிம்பன்சிக் குரங்குகளில் முதன்முதற் காணப்பட்ட இவ்வைரசு, அடுத்த ஆண்டில் றொபேட் சனொக் குழுவினரால் பால்ரிமோர் நகரக் குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டு வயது நிறையுமுன் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையேனும் தொற்றுகின்றது. பெரும்பாலானோர்க்கு வெறுந் தடிமனாகக் கழிந்துவிடும் இத்தொற்று, சிலருக்குச் சுவாசப்பைச் சிறுகுழாய்களில் அழற்சியாக முற்றுகின்றது. 2019 ஆம் ஆண்டில் ஐந்து வயதிற்குட்பட்ட ஏறத்தாழ 1,01,400 குழந்தைகளின் இறப்பிற்கு இவ்வைரசு காரணமாயிருந்தது என்று 2022 இல் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழிற்கு மேற்பட்டவை தாழ்ந்த, இடைத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை.

இவ்வைரசு தன் பரம்பரைப் பொருளில் இரு சிறு புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கி வருகின்றது. அவை வைரசின் உடலில் இடம்பெறுவதில்லை; தொற்றிய கலத்தினுள்ளேயே தொழில் புரிகின்றன. கலம் எழுப்பும் இன்ரபெரோன் என்னும் எச்சரிக்கையை அடக்குதலும், கலத்தின் ஒழுங்குற்ற இறப்பைத் தாமதப்படுத்தலும் அவற்றின் தொழில்களுள் அடங்கும். அப்புரதங்கள் நீக்கப்பட்ட வைரசு தொற்றிய கலங்கள் முன்கூட்டியே இறப்பதனையும், வைரசின் விளைவு குறைவதனையும் 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. வைரசின் தேவை தெளிவு: அறுவடை முடியும் வரை கலம் உயிரோடிருத்தல் வேண்டும்.

அறுவடை முடிந்தபின் நிகழ்வதே குழந்தைக்குக் கேடாகின்றது. வட கரோலினாவில் 2002 இல் நிகழ்ந்த ஆய்வொன்றில், உடலிலுள்ளவாறே பிசிர் முளைக்குமாறு வளர்க்கப்பட்ட மனித மேலணியில், இவ்வைரசு பிசிர்க்கலங்களையே தொற்றியது. மேலணி முழுவதும் பாழாகவில்லை. மேற்கூறிய இரு புரதங்களுள் ஒன்று, தொற்றிய பிசிர்க்கலத்தை உருண்டு திரளச்செய்து மேலணியினின்று உதிர்க்கின்றது என்பது 2014 இல் வெளியாயிற்று. இவ்வுதிர்வு இருமுகம் கொண்டது. தொற்றிய கலம் உதிர்வதனால் வைரசு விரைந்து அகல்கின்றது. உதிர்ந்த கலங்களோ கீழுள்ள ஒடுங்கிய குழாய்களில் தேங்கி அவற்றை அடைக்கின்றன.

இது ஆய்வுகூடத் தட்டில் மட்டும் காணப்படும் நிகழ்ச்சியன்று. இயந்திரச் சுவாசம் வழக்கிற்கு வருமுன் இறந்த குழந்தைகளின் பாதுகாக்கப்பட்ட சுவாசப்பை இழையங்களை அமெரிக்காவின் வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தார் பிற்கால முறைகளால் மீள ஆராய்ந்து, முடிவுகளை 2007 இல் வெளியிட்டனர். சிறுகுழாய்களின் வழியை, உதிர்ந்த மேலணிக் கலங்களும் சீதமும் பைபிரின் இழைகளும் வெண்குழியங்களும் கலந்த கட்டிகள் அடைத்திருந்தன. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இவ்வைரசால் இறந்த சிசுக்களின் சுவாசப்பைகளில் வைரசும் ஒழுங்குற்ற இறப்பின் அடையாளங்களும் நிறைந்திருக்க, தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்லும் நிணநீர்க்குழியங்கள் மிக அரிதாயிருந்தமையைக் காட்டியது. உடலின் காப்புப்படை மிகையாகத் தாக்கியமையே இக்குழந்தைகளைக் கொன்றது என்று கருதப்பட்டு வந்த கொள்கையை இது ஐயத்திற்குள்ளாக்கியது.

இவ்வறிவின் நடைமுறைப் பயன் சிறிதன்று. தொய்வு நோயில் குழாயைச் சூழ்ந்த தசை சுருங்குகின்றது. அதனைத் தளர்த்தும் சல்பியூற்றமோல் மருந்து உடன் பயன் தருகின்றது. சிறுகுழாயழற்சியிலும் மூச்சு இழைப்பதனால் அதே மருந்தைப் பெற்றோர் வேண்டுவது இயல்பே. ஆயின் வழியை அடைப்பது பெரும்பாலும் தசையின் சுருக்கமன்று, இறந்த கலங்களும் சீதமும் வீக்கமுமே. இந்நோயுற்ற சிசுக்களுக்கு அம்மருந்தைக் கொடுத்தல் வேண்டா என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014 இல் வழிகாட்டியமை இக்காட்சியோடு ஒத்துள்ளது. ஒட்சிசனும் நீராகாரமும் கொடுத்துக் காத்திருத்தலே சிகிச்சையின் அடிப்படை. அடிக்கலங்கள் மூன்று நான்கு நாட்களில் புதுக்கலங்களைத் தோற்றுவிக்கத் தொடங்கினும், பிசிர்கள் மீள முளைக்க ஏறத்தாழ இரு கிழமைகள் செல்கின்றன. காய்ச்சல் தணிந்த பின்னும் இருமல் நீடிப்பது ஏன் என்று கேட்கும் தாய்க்கு இதனையே விடையாகக் கூறலாம்.

5. இறப்பு குன்றுதலும் இறப்பு மாறுதலும்

கலம் இறப்பதனால் வரும் கேட்டை இதுவரை நோக்கினோம். இறக்கவேண்டிய கலம் இறவாமையும் கேடு தரும். தொய்வுடையோரின் சுவாசவழிக் கலங்களைப் பிரித்தானியாவின் சவுதாம்ரன் ஆய்வாளர் றைனோ வைரசால் தொற்றச் செய்து 2005 இல் வெளியிட்ட முடிவுகள் இதனை உணர்த்துகின்றன. அக்கலங்கள் இன்ரபெரோன் பீற்றாவைக் குறைவாகவே உற்பத்தி செய்தன. உரிய நேரத்தில் ஒழுங்குற்ற இறப்பை அடையவில்லை. வைரசு அவற்றில் மிகையாகப் பெருகி, ஈற்றில் கலங்களைச் சிதைத்து வெளியேறியது. அவ்வின்ரபெரோனை வெளியிலிருந்து சேர்த்தபொழுது ஒழுங்குற்ற இறப்பு மீண்டது. வைரசின் பெருக்கம் குறைந்தது. நோய்க்குக் காரணம் இறப்பின் மிகுதியன்று, காலத்தில் இறவாமை என்பது இங்கு தெளிவு.

சிஸ்ரிக் பைப்ரோசிசு என்னும் பரம்பரை நோய் வேறொரு நிலையைக் காட்டுகின்றது. 1989 இல் இனங்காணப்பட்ட ஒரு பரம்பரையலகின் பழுதினால், குளோரைட்டு அயன்கள் கலத்தை விட்டு வெளியேறுதல் தடைப்பட, சீதம் நீர்ப்பற்றின்றித் தடித்துத் தேங்குகின்றது. அத்தடித்த சீதத்தின்கீழ் ஒட்சிசன் குன்றுகின்றது. அவ்வாறு மூச்சுமுட்டிச் சிதையும் கலங்கள் வெளிவிடும் பொருள்கள், நுண்ணுயிர் எதுவும் குடியேறுமுன்னரே அழற்சியை எழுப்பவல்லன என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. அவுஸ்திரேலியாவின் பேர்த், மெல்பேண் நகரங்களில் 127 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. மூன்று மாத வயதிலேயே சுவாசவழிக் கழுவுநீரில் நியூத்திரோபில் வெண்குழியத்தின் நொதியம் காணப்பட்ட குழந்தைகளுக்கு, மூன்று வயதளவில் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து பழுதுறும் வாய்ப்பு மிகுந்திருந்தது. நோயின் விதை இத்துணை இளமையிலேயே ஊன்றப்படுகின்றதெனின், இருபது வயதினரின் பழுதுற்ற சுவாசப்பையை ஆராய்ந்து தொடக்கத்தை அறிதல் எங்ஙனம் கூடும்?

6. யாருடைய கலத்தை ஆராய்வது?

இவ்வினாவே எம்மை ஆராய்ச்சி முறைக்கு இட்டுச் செல்கின்றது. ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பயன்பட்டு வந்தவை முடிவின்றிப் பெருகும் கலவழிகளாகும். ஏ549 என்னும் கலவழி 1972 இல் ஒருவரது சுவாசப்பைப் புற்றிலிருந்து பெறப்பட்டது. ஆர். எஸ். வி. வளர்ப்பதற்குப் பெரிதும் கையாளப்பட்ட ஹெப்-2 கலவழியோ, கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து தோன்றிய ஹீலாக் கலங்களே கலந்து மேவியது எனப் பின்னர் அறியப்பட்டது. இவற்றின் எளிமையை மறுப்பதற்கில்லை. ஆயின் புற்றுநோய் என்பதே ஒழுங்குற்ற இறப்பிலிருந்து தப்பிய கலங்களின் பெருக்கம் அன்றோ? இறக்க மறுத்தமையால் வாழும் கலத்தை வைத்துக்கொண்டு, கலம் எவ்வாறு இறக்கின்றது என்று வினவுதல் முறையாகாது.

குழந்தையின் கலத்தைப் பெறுவதற்கு, 2000களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்தாரும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தாரும் ஒரு வழியைச் செம்மைப்படுத்தினர். தொண்டை முளைகளை அகற்றுதல் போன்ற வேறொரு சத்திரசிகிச்சைக்காகக் குழந்தை மயக்கமுற்றிருக்கும் வேளையில், மூச்சுக்காக ஏற்கெனவே இடப்பட்ட குழாயினூடு மெல்லிய தூரிகையொன்றைச் செலுத்தி, சுவாசவழியின் சுவரை மெதுவாகத் துடைத்தெடுக்கின்றனர். குழந்தையை இதற்கெனத் தனியே மயக்குவதில்லை. தூரிகையில் ஒட்டிய கலங்கள் வளர்ப்பூடகத்தில் பெருக்கப்பட்டு, நுண்டுளைகளையுடைய மென்றகட்டின் மேல் இடப்படுகின்றன. உணவு கீழிருந்து ஊட்டப்பட, மேற்புறம் காற்றுக்குத் திறந்து விடப்படுகின்றது. மூன்று நான்கு கிழமைகளில் கலங்கள் அடுக்காகி, சீதம் சுரந்து, பிசிர் முளைத்து அசைவதனை நுணுக்குக்காட்டியில் காணலாம்.

இவ்வாறு பெற்ற கலங்கள் ஏற்கெனவே சில உண்மைகளை உணர்த்தியுள்ளன. தொய்வுடைய குழந்தைகளின் கலங்கள், உடலை விட்டு நீங்கித் தட்டில் வளர்ந்த பின்னும், தம்மேல் இட்ட கீறலை மூடுவதில் பின்தங்குகின்றன என்பதனைப் பேர்த் ஆய்வாளர் 2010 இல் வெளியிட்டனர். இறந்த கலத்தின் இடத்தை நிரப்பும் ஆற்றலிலேயே குறை உண்டு என்பது இதன் பொருள்.

மூக்கிலிருந்து கலம் எடுத்தல் இதனினும் எளிது, மயக்கமும் வேண்டியதில்லை. ஆயின் மூக்கின் கலங்கள் எல்லா வகையிலும் கீழ்ச்சுவாசவழிக் கலங்களை ஒத்தனவல்ல ஆதலின், ஒன்றிற் கண்டதனை மற்றொன்றிற்கு ஏற்றிக் கூறுவதில் எச்சரிக்கை வேண்டும்.

இங்கு அறவியல் வினா ஒன்று எழுகின்றது. நோயற்ற குழந்தையொன்றின் சுவாசவழியைத் துடைத்தெடுப்பதனால் அக்குழந்தைக்கு யாதொரு பயனும் இல்லை. ஒப்புநோக்குதற்கு அதன் கலங்கள் இன்றியமையாதன எனினும், சம்மதம் கூறவோ மறுக்கவோ அதற்கு வயது போதாது. 1964 இல் ஹெல்சிங்கியில் வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட உலக மருத்துவ சங்கத்தின் பிரகடனம், இத்தகையோர் சார்பில் உரியவரின் சம்மதத்தை வேண்டுவதோடு, ஊறு மிகச் சிறிதாயிருத்தலையும் நிபந்தனையாக்குகின்றது. மயக்க அறையின் வாயிலில் கலங்கி நிற்கும் தாயிடம் விரைந்து கையொப்பம் வாங்குதல் சட்டத்தை நிறைவுசெய்யலாம், அறத்தை நிறைவுசெய்யாது. முதல்நாளே அமைதியாக விளக்குதலும், மறுத்தால் சிகிச்சையில் குறைவு நேராது என்று உறுதி கூறுதலும் ஆய்வின் புறச்சடங்குகள் அல்ல, ஆய்வின் பகுதிகளே.

7. இறந்தவற்றை எண்ணுதல்

கலங்களைப் பெற்ற பின்னும், இறப்பை அளத்தல் எளிதன்று. பொசுப்பற்றிடில்சிரீனைப் பற்றும் அனெக்சின் ஐந்து என்னும் புரதத்திற்கு ஒளிர்சாயம் ஏற்றி, மென்சவ்வு திரும்பிய கலங்களை இனங்காணலாம். 1992 இல் அறிமுகமான முறையொன்றால் அறுபட்ட டீ. என். ஏ. நுனிகளுக்கு அடையாளம் இடலாம். மூன்றாம் கசுப்பேசின் தொழிற்பாட்டை நேரே அளக்கலாம். ஊடகத்தில் கசிந்த இலற்றேற்று நீரகற்று நொதியத்தை அளந்து மென்சவ்வு கிழிந்தமையை அறியலாம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புதல் தவறாகும். சிதைவிறப்பின் பிற்பகுதியிலும் டீ. என். ஏ. அறுபடுகின்றது. கிழிந்த கலத்தினுள்ளும் அனெக்சின் புகுந்து ஒட்டுகின்றது. ஆதலின் குறைந்தது இரு முறைகளையேனும், அவற்றையும் பல நேரப் புள்ளிகளில், கையாளல் வேண்டும். ஒழுங்குற்ற இறப்பு சில மணிகளில் முடிவதனால், இருபத்துநான்கு மணிக்கு ஒருமுறை மட்டும் நோக்குவோன் அதனை முற்றாகத் தவறவிடவும் கூடும்.

தட்டில் தின்குழியங்கள் இல்லை என்பதும் நினைவிற்குரியது. உடலில் விழுங்கப்பட்டிருக்கவேண்டிய கலம் தட்டில் மிதந்து, பின்னர் கிழிகின்றது. ஒழுங்குற்ற இறப்பு சிதைவிறப்பாக எண்ணப்படுகின்றது. அதற்கு மாறாக, மேற்பரப்பைக் கழுவி ஊற்றிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் எண்ணுவோன், உதிர்ந்த கலங்களை எல்லாம் கழுவுநீரோடு எறிந்துவிட்டு, இறப்பே நிகழவில்லை என்று முடிவு கூறுகின்றான். உதிர்வே ஆராய்ச்சிப் பொருளாயிருக்கும்பொழுது, உதிர்ந்தவற்றை எறிந்துவிடுதல் எத்துணைப் பிழை என்பதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

8. பயனும் எச்சரிக்கையும்

கசுப்பேசுகளைத் தடுக்கும் பொருள்கள் ஆய்வுகூடங்களில் உண்டு. ஆயின் அவற்றைக் கொண்டு இறப்பை நிறுத்தின் குழந்தை பிழைக்கும் என்று எளிதிற் கூறவியலாது. தொற்றின் தொடக்கத்தில் இறப்பைத் தடுத்தல் வைரசுக்கு உதவுதலாகவும் முடியலாம். ஒரு வாயிலை அடைத்தால் கலம் மற்றொரு வாயிலால், அழற்சி மிக்க வழியால், இறக்கவும் கூடும். இறப்பை நிறுத்துவதனினும், இறந்தவற்றை அகற்றுதலும் இழந்த இடத்தை நிரப்புதலும் பொருத்தமான குறிகளாகத் தோன்றுகின்றன.

அவசரத்தின் விலை யாது என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. போமலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட ஆர். எஸ். வி. தடுப்புமருந்து 1966 ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஏற்றிச் சோதிக்கப்பட்டது. பின்னர் இயற்கைத் தொற்று நேர்ந்தபொழுது, தடுப்புமருந்து பெற்ற சிசுக்களே மிகக் கடுமையாக நோயுற்றனர், இருவர் இறந்தனர். நன்னோக்கு இருந்தது, குழந்தையின் சுவாசவழி பற்றிய அறிவு போதவில்லை. அதன்பின், குறித்த சில குழந்தைகளுக்குரிய பிறபொருளெதிரியொன்று 1998 இல் அங்கீகாரம் பெற்றது. வைரசின் மேற்பரப்புப் புரதம் கலத்தோடு இணையுமுன் கொள்ளும் வடிவம் 2013 இல் விளக்கமுற்ற பின்னரே, பரவலாகப் பயன்படத்தக்க நிர்செவிமாப் என்னும் நீடிக்கும் பிறபொருளெதிரியும், கருவுற்ற தாய்க்கு ஏற்றிச் சிசுவைக் காக்கும் தடுப்புமருந்தும் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அங்கீகாரம் பெற்றன. இவ்விரண்டனுள் ஒன்றைக் கைக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2025 இல் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. மிகுதியான குழந்தைகள் இறக்கும் நாடுகளுக்கு இவை எவ்விலையில், எக்காலத்தில் எட்டும் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

தொகுத்து நோக்குமிடத்து, குழந்தையின் சுவாசவழியில் கலத்தின் இறப்பு பகையுமன்று, நட்புமன்று. காலத்தில் நிகழ்ந்து, உரியவரால் அகற்றப்பட்டு, புதியது வந்து நிரம்புமாயின் அது காப்பு. காலம் தப்பியோ, அகற்றுவார் இன்றியோ, மாற்று இன்றியோ நிகழுமாயின் அது கேடு. இம்மூன்றும் குழந்தைக்குக் குழந்தை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதனை, தூரிகையின் நுனியில் ஒட்டிவரும் சில கலங்களே எமக்குக் கூறுகின்றன. காவோலை விழுவது கண்டு குருத்தோலை சிரிப்பது அறியாமை எனின், குருத்திலேயே நிகழும் உதிர்வை அறியாதிருப்பது எமது அறியாமையாகும். முன்னையதற்கு மருந்தில்லை; பின்னையதற்கு ஆராய்ச்சி உண்டு.